யார் அழுவது, யார் விளக்குவது? தொலைக்காட்சிச் செய்தியும் மாமல்லபுரக் கரையும்

2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. ஏறத்தாழ இரவு பத்தரை மணிக்குத் தொடங்கிப் பின்னிரவு ஒன்றரை மணி வரை நீடித்த அந்நிகழ்ச்சியைத் தமிழகத்து இல்லங்கள் தொலைக்காட்சியின்முன் அமர்ந்து கண்டன. செங்கல்பட்டில் நாமும், மின்சாரம் இருந்தவரை தொலைக்காட்சியிலும், அது நின்றபின் மாணவர் ஒருவரின் கைப்பேசியிலும் கண்டுகொண்டிருந்தோம். காற்றின் ஓசை சன்னலுக்கு வெளியே கேட்டது. அதே காற்றைப்பற்றிய பேச்சு சன்னலுக்கு உள்ளே கேட்டது. அப்பேச்சைப் பேசியவர் யாவர் என்பதைக் கருதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். புயல் ஓய்ந்து ஆண்டுகள் சென்றபின் இதை எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் அதே ஒளிபரப்பு வேறொரு புயலின் பெயரைச் சூடிக்கொண்டு திரும்பி வருகிறது என்பதே நம் விடை.

அவ்விரவின் ஒளிபரப்பில் ஓர் ஒழுங்கு இருந்தது. மழையங்கி அணிந்த செய்தியாளர், கடற்கரைக் கோயில் இருக்கும் திசையைக் கையால் காட்டியவாறு காற்றில் தள்ளாடி நிற்பார். அவரை விட்டுக் காட்சி நுங்கம்பாக்கத்து வானிலை மையத்துக்குத் தாவும். காற்றின் வேகம் மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர், இடையிடையே 85 வரை என்ற கணக்கும், புயல் நகரும் திசையும் அங்கே விளக்கப்படும். பின்பு அமைச்சர், பின்பு மாவட்ட ஆட்சியர், பின்பு மீட்புப் படையின் அலுவலர். இவ்வரிசை முடிந்த பின்னரோ, இவர்களுள் ஒருவர் வரத் தாமதித்தபோதோ, குப்பத்து மீனவர் ஒருவரின் முகம் தோன்றும். படகு போயிற்று, வலை போயிற்று, இனிப் பிழைப்புக்கு என்ன செய்வோம் என்பார். குரல் தழுதழுக்கும் இடத்தில் காட்சி மாறும்.

திரையின் அடிப்பகுதியில் ஓடும் எழுத்துகளையும் கவனிக்க வேண்டும். அலுவலர் பேசும்போது அவர் பெயரும் பதவியும் பொறிக்கப்படுகின்றன. மீனவர் பேசும்போது பெரும்பாலும் 'மீனவர்' என்றோ 'பாதிக்கப்பட்டவர்' என்றோ இருக்கிறது. பலர் கூடி நின்றால் 'பொதுமக்கள்'. ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் பணியைப் பெற்றிருக்கிற நமக்கு, இந்தப் பெயரின்மை சிறிய குறையாகத் தோன்றுவதற்கில்லை.

எளிய மக்களுக்குத் தொலைக்காட்சி வாய்ப்பளிப்பதில்லை என்று மேடைகளிலே குறைகூறுவோர் உண்டு. அது பிழையான குறை. அவர்கள் பேசுகிறார்கள், நாள்தோறும் பேசுகிறார்கள், அவர்களுடைய முகம் இல்லாமல் இன்று ஒரு செய்தியும் நிறைவு பெறுவதில்லை. ஆயினும் எதைப் பேச அவர்களுக்கு அனுமதி? தமக்கு நேர்ந்ததைக் கூறலாம். தாம் உணர்ந்ததைக் கூறலாம். கை கூப்பி ஒரு கோரிக்கை வைக்கலாம். அது ஏன் நேர்ந்தது, யாரால் நேர்ந்தது, இனி எவ்வாறு தடுக்கலாம் என்பவற்றைக் கூறும் உரிமை வேறொருவரிடம் இருக்கிறது. அழுவது ஒருவர், விளக்குவது மற்றொருவர் என்று பணி பிரிக்கப்பட்டிருக்கிறது. இப்பிரிவினையே நாம் ஆராயவேண்டிய பொருள்.

விளக்குவதற்கு மீனவரிடம் ஒன்றும் இல்லையென்றால் இப்பிரிவினையை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கோவளம் தொடங்கித் தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களில் முதியவர் ஒருவரோடு அரைமணி நேரம் கரையில் அமர்ந்தவர் எவரும் அவ்வாறு சொல்லத் துணியார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயரிட்டுக் காற்றைப் பிரித்தறிபவர்கள் இவர்கள். கரையை ஒட்டி வடக்கும் தெற்குமாக மாறி ஓடும் நீரோட்டங்களை வன்னி என்றும் தெண்டி என்றும் வேறுபடுத்தி, எதில் எந்த மீன் வரும், எதில் வலை கிழியும் என்று கணித்துத் தொழில் செய்பவர்கள். அரசு அலுவலர் அல்லாத வானிலை ஆர்வலர்க்கும் தொலைக்காட்சி இப்போது இடமளிக்கிறது; 'தமிழ்நாடு வெதர்மேன்' என அறியப்படும் பிரதீப் ஜானின் கணிப்பை மக்கள் ஆவலோடு கேட்கிறார்கள். அது நல்லதே. ஆகவே பதவி ஒன்றுதான் தகுதி என்று தொலைக்காட்சி கருதுவதாகச் சொல்ல இயலாது. வரைபடத்தை வைத்துப் பேசும் அறிவு அறிவாகத் தோன்றுகிறது. உடம்பில் உப்புப் படிந்த அறிவு அனுபவமாக மட்டுமே தோன்றுகிறது என்பதே உண்மை.

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தை இவ்வொளியில் படித்துப் பார்க்குமாறு இறையியல் மாணவரை வேண்டுகிறோம். பிறவிக் குருடன் பார்வையடைகிறான். அயலார் கேட்கிறார்கள், பரிசேயர் கேட்கிறார்கள், மீண்டும் அழைத்துக் கேட்கிறார்கள். சேறு பூசினார், கழுவினேன், காண்கிறேன் என்று அவன் நடந்ததைக் கூறும்வரை அவனைப் பேச விடுகிறார்கள். அந்தச் சான்று அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. ஆனால் அவன் ஒரு படி மேலே சென்று, இவ்வாறு செய்தவர் கடவுளிடமிருந்து வராதவராய் இருக்க முடியுமா என்று காரணம் காட்டி வாதிடத் தொடங்கியதும், நீயா எங்களுக்குப் போதிப்பது என்று சீறி அவனைப் புறம்பே தள்ளுகிறார்கள். சான்று கூறியதற்காக அவன் தள்ளப்படவில்லை; விளக்கம் கூறியதற்காகத் தள்ளப்பட்டான். நாம் பல ஆண்டுகள் இப்பகுதியை விசுவாச அறிக்கை என்ற தலைப்பின்கீழ் மட்டுமே பிரசங்கித்திருக்கிறோம்.

இத்தகைய ஏற்றத்தாழ்வை மேலைநாட்டு அறிஞர் சிலர் முன்னரே கண்டு எழுதியுள்ளனர். நம்பத்தக்கவர் யார் என்பதிலேயே ஒரு படிநிலை உண்டு, மேற்படியில் இருப்பவர் சொல் இயல்பாகவே உண்மையென எண்ணப்படுகிறது என்று 1967இல் ஹோவர்ட் பெக்கர் எழுதினார். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர் 1976இல் வெளியிட்ட 'பேட் நியூஸ்' என்ற நூலில் பிரிட்டானியத் தொலைக்காட்சியின் தொழிற்சாலைச் செய்திகளை ஆராய்ந்தனர். நிர்வாகத்தார் அமைதியான அலுவலகத்தில் அமர்ந்து பேச, தொழிலாளரோ தெருவின் இரைச்சலுக்கு நடுவே நின்று பேச நேர்வதை அக்குழுவினரின் ஆய்வுகள் சுட்டின. ஸ்டூவர்ட் ஹாலும் உடன் ஆய்ந்தோரும் 1978இல், ஒரு நிகழ்ச்சி இன்னது என்று முதலில் பொருள் வரையறுப்பவர் யாரோ அவருடைய சட்டகத்துக்குள்ளேயே பின்வருவோர் அனைவரும் பேச நேர்கிறது என்று விளக்கினர். இவர்களுள் ஒருவரும் செய்தியாளரின் தீய எண்ணத்தைக் காரணமாகக் கூறவில்லை. நாமும் கூறவில்லை. வட்டாரச் செய்தியாளர் பலர் செய்திக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர்கள். குறித்த நேரத்துக்குள் காட்சியை அனுப்பவேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் ஒருவர் தயாராக இருக்கிறார். தெளிவாக, சுருக்கமாகப் பேசுகிறார். நாளையும் அவரிடம் போகவேண்டும். குப்பத்து முதியவரோ தொடக்கத்திலிருந்து தொடங்குவார். செய்திக்கு அவ்வளவு நேரம் இல்லை.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. அந்நாட்களில் செய்தி என்பது ஒருவர் தாளைப் பார்த்து வாசிப்பதே. மக்கள் அதில் கூட்டமாகத் தெரிந்தார்களேயன்றிப் பேசியது அரிது. 1993க்குப் பின் தனியார் அலைவரிசைகளும், 2000க்குப் பின் இருபத்துநான்கு மணிநேரச் செய்தி அலைவரிசைகளும் வந்தபோது நிலை மாறிவிடும் என்று நம்பினோம். நேரம் பெருகியது. பேசுவோர் தொகையும் பெருகியது. பணிப் பிரிவினை மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை இக்கரையார் மறக்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, பல ஆலயங்களில் ஆராதனை நடந்துகொண்டிருந்த வேளை. கல்பாக்கத்தில் கடல்நீர் அணுமின் நிலையத்தின் நீரேற்று அறைக்குள் புகுந்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. உலைக்கு ஆபத்தில்லை என்ற விளக்கத்தை அலுவலர்கள் திரும்பத் திரும்பக் கூறினர். நாடு அறியவேண்டிய செய்தியே அது, அதைக் குறைகூறோம். ஆனால் நகரியத்திலும் அருகிலிருந்த குப்பங்களிலும் மாண்டோரின் உறவினர்க்கு ஏன் எச்சரிக்கை வரவில்லை என்ற கேள்வி இருந்தது. அக்கேள்வி திரையில் ஒப்பாரியாகவே ஒலித்தது, கேள்வியாக ஒலிக்கவில்லை. சில வாரங்கள் சென்று, அலைகள் மணலை அரித்ததால் மாமல்லபுரத்தில் பல்லவர் காலச் செதுக்குக் கற்கள் வெளிப்பட்டபோது, தொல்லியலார் கரைக்கு வந்தனர். ஒளிப்படக் கருவிகளும் வந்தன. கற்களைப்பற்றி அறிஞர்கள் பொறுமையாக விளக்க நேரம் கிடைத்தது. இவர்கள் பேசாவிட்டால் கல்லுகள் கூப்பிடும் என்று ஆண்டவர் கூறியதை நினைத்துக்கொண்டோம். கல்லுகள் பேச, இவர்கள் பேசாதிருந்ததே நாம் கண்டது.

இருளர் நிலை இதனினும் வியப்புக்குரியது. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து நச்சுமுறிவு மருந்து உருவாகிறது. இம்மாவட்டத்து இருளரான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்குள்ளவர்க்குப் பிடிபடாத மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தனர். அங்கே ஆய்வாளர் இவர்களின் பின்னே நடந்து கற்றுக்கொண்டனர். 2023ஆம் ஆண்டு குடியரசு நாளை ஒட்டி இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அப்போது நாம் கண்ட நேர்காணல்களில் அவர்களிடம் பெரிதும் கேட்கப்பட்டவை, பயமாக இல்லையா, விருது கிடைத்தது எப்படி இருக்கிறது என்பனவே. தடம் காண்பது எப்படி என்று கேட்டவர் அரியர்.

இனிப் பூஞ்சேரிக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு அக்டோபரில், மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயிலின் அன்னதானப் பந்தியிலிருந்து தாம் வெளியேற்றப்பட்டதாக, கைக்குழந்தையோடு சென்ற நரிக்குறவர் சமூகப் பெண் ஒருவர் கூறிய காணொளி பரவியது. அவர் பெயரை நாடறியும். ஆயினும் ஈண்டுத் தவிர்க்கிறோம். அக்காணொளி தொலைக்காட்சி நிலையத்தின் அறையில் தோன்றியதன்று. கைப்பேசிகளின் வழியே பரவி, பின்னரே தொலைக்காட்சிக்கு ஏறியது. அதனால்தான் போலும், அதில் வெட்டு விழவில்லை. அவர் தமக்கு நேர்ந்த இழிவைச் சொல்லியதோடு நிற்கவில்லை. அது ஏன் முறையற்றது என்பதையும் தம் குடியிருப்பின் நிலையையும் கோவையாக எடுத்துரைத்தார். கண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் வாதம் இருந்தது. நாடு திரும்பிப் பார்த்தது அவ்வாதத்தையே என்பது நம் கருத்து.

அம்மாத இறுதியில் அறநிலையத்துறை அமைச்சர் பி.கே. சேகர்பாபு அதே கோயிலில் அவரோடு அமர்ந்து உணவருந்தினார். நவம்பர் 4ஆம் நாள், தீபாவளியன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கு நேரில் வந்து நரிக்குறவர்க்கும் இருளர்க்கும் வீட்டுமனைப் பட்டா, சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை முதலியவற்றை வழங்கினார். இவை நற்செயல்கள், ஐயமில்லை. ஆனால் அன்றைய ஒளிபரப்பைக் கண்டபோது நமக்கு ஒரு நெருடல் ஏற்பட்டது. பேசியவர் இப்போது வரவேற்பவர் ஆகிவிட்டார். பாசிமணி மாலை, புன்னகை, நன்றி. அவருடைய வாதம் முடிந்துவிட்டது போலவும், அதற்குரிய விடை கொடுக்கப்பட்டாயிற்று என்பது போலவும் காட்சி அமைந்தது. அதன்பின் மாலை வேளைகளில் நாம் பார்த்த விவாதங்களில் கட்சிப் பேச்சாளரும் வழக்குரைஞரும் மூத்த இதழாளரும் அமர்ந்து அப்பெண்ணைப்பற்றிப் பேசினர். அவர் சமூகத்தார் ஒருவரை அந்த மேசையில் நாம் காணவில்லை.

எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் ஆசரிப்புக் கூடார வாசலில் மோசேக்கும் பிரபுக்களுக்கும் முன்பாக வந்து நின்று நிலம் கேட்கிறார்கள். அவர்கள் அழவில்லை. எங்கள் தகப்பனின் பெயர் ஏன் அற்றுப்போகவேண்டும் என்று நியாயம் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்று கடவுளே தீர்ப்பளிக்கிறார். நாம் வழக்கமாக அங்கேயே வேதாகமத்தை மூடிவிடுகிறோம். 36ஆம் அதிகாரத்தில் அதே பொருள் மீண்டும் எழுகிறது. இம்முறை பேசுவோர் வம்சத்தின் தலைவர்கள். அப்பெண்கள் யாரை மணக்கலாம் என்பதே பேச்சு. அவர்கள் பெயர்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அவர்கள் வாய்மொழி ஒன்றும் சொல்லப்படவில்லை. கட்டளையிட்டபடி செய்தார்கள் என்று அதிகாரம் முடிகிறது. பின்பு யோசுவா 17இல், நிலம் பங்கிடப்படும்போது, அவர்கள் மறுபடியும் வந்து நிற்கிறார்கள். கட்டளை பிறந்தது, கைக்கு இன்னும் வரவில்லை, ஆகவே மறுபடியும் பேசவேண்டியிருக்கிறது.

பூஞ்சேரியிலும் ஓராண்டுக்குப் பின், அறிவிக்கப்பட்ட கடனுதவி வந்துசேரவில்லை என்ற முறையீடு எழுந்தது. 2022 டிசம்பரில், மாண்டஸ் கடந்த அதே மாதத்தில், நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்ட முன்வடிவை 15ஆம் நாள் மக்களவையும் 22ஆம் நாள் மாநிலங்களவையும் ஏற்றன. நெடுங்காலம் போராடிக் கேட்டது அவர்களே. திரையில் அதை விளக்கியோர் பெரும்பாலும் பிறர்.

புயல் வேளையில் ஆளுக்கொரு விளக்கம் கூறினால் மக்கள் குழம்பிப் போகமாட்டார்களா என்று நம் வகுப்பில் மாணவர் ஒருவர் வினவினார். நேரிய வினா. எச்சரிக்கை கூறும் நேரத்தில் அதிகாரியின் ஒரே குரல் உயிர் காக்கும். அதைக் குலைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் எச்சரிக்கை முடிந்து கணக்கெடுக்கும் வேளை ஒன்று வருகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மீனவரைக் கடலில் சிதறடித்தபோது, காணாமற்போனோர் எத்தனை பேர் என்பதில் அரசின் கணக்கும் ஊர்க் கணக்கும் வேறுபட்டன. வீடுவீடாகச் சென்று பெயர்ப் பட்டியல் எழுதியவர்கள் அவ்வூராரும் அவர்களுடைய பங்குக் குருக்களுமே. நாட்கள் செல்லச் செல்ல அரசின் எண்ணிக்கை உயர்ந்தது. அந்தக் கத்தோலிக்கக் குருக்களிடமிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் உருக்கமாகப் பேசியதைவிட, பெயர்களை எழுதி வைத்ததே பெரிய தொண்டு.

இதுகாறும் பிறரைத் திறனாய்ந்தோம். நம்மையும் நிறுத்திப் பார்ப்பது முறை. மாண்டஸ் கடந்த சில நாட்களில், அரிசிப் பைகளோடு கரையோரக் குப்பம் ஒன்றுக்குச் சபையார் சிலருடன் சென்றிருந்தோம். அங்கே ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒலிவாங்கியோடு வந்தார். மீன் விற்கும் அம்மையார் ஒருவர் பேசத் தொடங்கினார். அவர் இரண்டு வாக்கியம் பேசுமுன், அவருடைய பேச்சு எங்கோ சுற்றிப்போவதாக எண்ணி, நாம் இடையிட்டு முன்வந்தோம். வெள்ளை அங்கியைக் கண்ட செய்தியாளரும் ஒலிவாங்கியை நம் பக்கம் திருப்பினார். இம்மக்கள் ஆற்றொணாத் துயரத்தில் இருக்கிறார்கள், அரசும் நல்லுள்ளம் கொண்டோரும் உதவவேண்டும் என்று நல்ல தமிழில் கூறினோம். அன்று மாலை அது ஒளிபரப்பாயிற்று. பெயரும் பட்டமும் பிழையின்றிப் பொறித்திருந்தார்கள். உறவினர் சிலர் தொலைபேசியில் பாராட்டினர். நாமும் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்.

மறுவாரம் சென்றபோது அவ்வம்மையார் கூடையை இறக்கி வைத்துவிட்டு நம்மைப் பார்த்தார்.

"டி.வி.யில நீங்க பேசினத பாத்தோம் ஐயா. நல்லாத்தான் பேசினீங்க. ஆனா கல்லப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே?"

எந்தக் கல் என்று கேட்டோம். அவர் நம்மைக் கரைக்கு அழைத்துச் சென்றார். தெற்கே கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருந்த கற்குவியலைக் காட்டினார். தென்காற்று வீசும் மாதங்களில் தெற்கேயிருந்து வரவேண்டிய மணல் அந்தக் கல்லில் தடைப்பட்டு நின்றுவிடுகிறது. வாடைக்காற்று மாதங்களில் போகிற மணல் மட்டும் எப்போதும்போல் போய்க்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு கரை குறுகி, இப்போது படகை இழுத்து ஏற்றி வைக்க மணல் இல்லை. அதனால்தான் இந்தப் புயலுக்குப் படகு போயிற்று, இதைவிடப் பெரிய புயல்களுக்குப் போகவில்லை என்றார். எந்த வீட்டுக்கு முன் எத்தனை படகு நின்றது, எந்த ஆண்டில் எது வரை மணல் இருந்தது என்று நடந்து நடந்து காட்டினார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. நாம் குறிப்பேடு எடுத்துச் செல்லவில்லை. ஆதலின் கையிலிருந்த ஆராதனைக் குறிப்பின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டோம்.

"இதத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன்" என்றார் அவர்.